வேணுமா, வேணாமா: அம்மாவின் மருக்கொழுந்து

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் படையலுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மாவின் வாழ்க்கையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதைப் படித்தாலும் உங்கள் நினைப்பு அங்கேயேதான் நிற்கும்.

போன வருடம் திண்டிவனம் வீட்டுக் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது, அண்ணன் சாத்திய மாலையிலிருந்து மருக்கொழுந்தை நான் பிடுங்கிப் போட்டேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் திமிறினேன். சித்தப்பா நடுவில் புகுந்து எங்களை விலக்கிவிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். வீட்டுக்காகச் சண்டை, நகைக்காகச் சண்டை என்றெல்லாம் பிறகு பேச்சு வந்தது. இரண்டுமில்லை. ஒரு செடியின் வாசனைக்காகத்தான் பெற்றவளின் உடம்புக்கு மேல் கைகலந்தோம். அதற்கு முன் நாலு மாதமாக எங்களுக்குள் புகைந்துகொண்டிருந்தது அது.

அம்மா பிறந்தது கோலியனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். சொந்தமாக ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குக் கடலை பறிக்கும் கூலிக்குப் போனவர். பத்தொன்பது வயதில், பேருந்து நடத்துநராக இருந்த அப்பாவைக் கைப்பிடித்துத் திண்டிவனம் வந்தார். நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். விறகுப் புகையில் இருபத்தைந்து வருடம் நின்றும் அவருடைய மூக்கு மட்டும் மழுங்கவில்லை. ஒருமுறை பருப்பு மூட்டையைப் பிரித்த உடனேயே, “இது ஆவாது, எடுத்துக்கினு போங்க” என்றாராம். கொண்டுவந்தவர் விடவில்லை. “வாயில போட்டுப் பாத்துட்டுச் சொல்லும்மா” என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். “மூக்குல போட்டுப் பாத்துட்டேன், போதும்” என்று அம்மா கதவைச் சாத்திவிட்டார். மேலே புகார் போகும் என்று உடன் வேலை செய்தவர்களெல்லாம் பயந்தார்கள். மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் அடியில் பாதிக்கு மேல் பூஞ்சை.

எங்கள் தோட்டமும் அந்த மூக்குக்காக வைத்த தோட்டம்தான். நொச்சி, கற்பூரவல்லி, துளசி, கறிவேப்பிலை என்று எல்லாமே வாசனைச் செடிகள். வேலை முடிந்து வந்தால் முதலில் தோட்டத்துக்குப் போய்க் கற்பூரவல்லியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் எங்களிடம் பேசுவார். அவருக்கு ஆகாத ஒரே வாசனை மருக்கொழுந்து.

அப்பாவுக்கோ அதுதான் உயிர். வெள்ளிக்கிழமை தவறாமல் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் மருக்கொழுந்து வைத்துக் கட்டிய கதம்பம் இரண்டு முழம் வாங்கி, டிக்கெட் பைக்குள் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவருவார். “தே, இந்தா” என்று நீட்டுவார். அம்மா சிரித்துக்கொண்டே வைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் அப்பா டியூட்டிக்குத் தெருமுனை திரும்பியதும் அதை எடுத்து ஜன்னல் ஆணியில் மாட்டிவிடுவார். அவர் திரும்பி வரும் நேரத்துக்கு மறுபடியும் தலையில் ஏற்றிக்கொள்வார். நாலாம் வகுப்பு படிக்கும்போது இதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டேன்.

“எனக்கு அந்த வாசன ஆவாதுடி. தல விண்ணு விண்ணுனு தெறிக்குது.”

“அப்ப வேணாம்னு சொல்லும்மா.”

“ஆசயா வாங்கியாறாரு. மூக்குதானே, பொறுத்துக்கும். நீ அப்பாகிட்ட சொல்லி வெக்காத.”

சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அம்மா தன் ரகசியத்தை என்னிடம் மட்டும் கொடுத்தார் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம்தான் பின்னால் என் கண்ணை மறைத்தது.

அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. அந்த வருடமே அம்மா அண்ணனின் பைக்கில் உட்கார்ந்து கண்டமங்கலத்துப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய், தானே கேட்டு ஒரு மருக்கொழுந்து நாற்று வாங்கி வந்திருக்கிறார். அப்போது நான் விழுப்புரத்தில் குடியிருந்தேன். அப்பா படத்துக்கு வைக்கத்தான் வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப் போனது. பிசியோதெரபிக்கு வசதி என்று விழுப்புரத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கண்டமங்கலத்திலிருந்து செல்வி என்பவர் பகலில் வந்து பார்த்துக்கொண்டார். அண்ணன் அம்மாவோடு அந்த மருக்கொழுந்துத் தொட்டியையும் காரில் ஏற்றிவந்து கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அம்மா இடது கையை உயர்த்தித் தொட்டியைக் காட்டி ஒரு சொல் சொன்னார். “வே… ம்.”

எனக்கு அது ‘வேணாம்’ என்று கேட்டது. ஜன்னல் ஆணியில் தொங்கிய கதம்பம்தான் நினைவுக்கு வந்தது. எழுந்து போகவும் முடியாமல், வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் அந்த வாசனைக்குள்ளேயே படுத்திருக்கிறாரே என்று பதறி, தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் துவைகல்லுக்கு அருகில் வைத்தேன். சாயங்காலம் வீடியோ காலில் அண்ணன் பார்த்துவிட்டார்.

“செடி எங்க?”

“அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கணா.”

“வேணும்னு சொல்லியிருப்பாங்க. டெய்லி அதுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தவங்க. உனுக்கு இன்னா தெரியும்?”

“எனக்குத் தெரிஞ்சதுல பாதி உனக்குத் தெரியாதுணா.”

இப்படிச் சொன்னேனே தவிர, என்ன தெரியும் என்று சொல்லவில்லை. அம்மா எதிரில் அம்மாவின் ரகசியத்தை எப்படி உடைப்பது? அண்ணன் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். அம்மாவிடமே கேட்போம் என்றோம். இங்கேதான் நாங்கள் இருவரும் தவறினோம். “அந்த வாசன வேணாம்தானேம்மா?” என்று நான் கேட்டேன். அம்மா தலையை ஆட்டினார். “ஜன்னல்லயே இருக்கட்டும், வேணும்தானேம்மா?” என்று அண்ணன் கேட்டார். அதற்கும் ஆட்டினார். அண்ணன் குரலை உயர்த்தினார், நான் அதற்கு மேல் உயர்த்தினேன். அம்மா கண்களை மூடிக்கொண்டார். பிள்ளைகள் இருவர் மனமும் கோணாமல் இருக்கத்தான் இருவருக்கும் தலையாட்டினார் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தொட்டி பட்ட பாடு சொல்லி மாளாது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அது ஜன்னலுக்கு ஏறும். அவர் கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் நான் துவைகல்லுக்குக் கொண்டுபோவேன். “இது ஒரு பேஜாராப் போச்சு” என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா கட்டிலிலிருந்து, தொட்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியாக ஒரு ஞாயிறு, “அம்மாவ நீ கொடும பண்ற” என்றார் அண்ணன். “நீதான் பண்ற” என்றேன். பிறகு மூன்று வாரம் அவர் வரவில்லை. அம்மா ஞாயிறுதோறும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வராததற்கு நானும் ஒரு காரணம் என்று தெரிந்தும் நான் போன் செய்யவில்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே ஆறுதல், அம்மாவைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்பதுதான். நான் பள்ளியில் வேலை முடிந்து வந்து அம்மாவின் இடது கையைப் பிடித்தால் எப்போதும் சோப்பு மணக்கும். செல்வியிடம் அதைச் சொல்லிப் பாராட்டியும் இருக்கிறேன். அவர் உடனே தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை, காலைக் காப்பியில் பாதி குடித்திருக்கும்போதே அம்மா போய்விட்டார். அண்ணன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகு திண்டிவனம் வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். கடைசி நேரத்திலாவது அந்த வாசனையிலிருந்து அம்மாவைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் மாலையில் கை வைத்தேன். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அண்ணனும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

காரியத்தன்று செல்வி வந்தார், இடுப்பில் அந்தத் தொட்டியோடு. என் வீட்டுக்காரரிடம் கேட்டு எடுத்துவந்திருக்கிறார். அதை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“மேடம், இத்த உங்ககிட்ட சொல்லாம எனக்குச் சோறு எறங்கல. நீங்க டியூட்டிக்குப் போனதும் அம்மா தெனமும் பின்பக்கம் கையக் காட்டுவாங்க. சக்கர வண்டியில வெச்சு இட்டுக்கினு போவேன். ஒரு கொழுந்து கிள்ளி மொகப்பாங்க. மொகந்துட்டு அப்படியே மூஞ்சச் சுளிப்பாங்க. அப்பறம் சிரிப்பாங்க. மறுபடியும் மொகப்பாங்க.”

“சுளிச்சாங்களா?” என்று நான் கேட்டேன்.

“ஆமாங்க. உங்க அப்பாவத்தான், ‘அப்பா, அப்பா’ன்னு சொல்லிக்கினே சுளிப்பாங்க. நீங்க வர்ற நேரம் ஆச்சின்னா சோப்பக் காட்டுவாங்க. ஜல்தி, ஜல்தின்னு கையாலயே சொல்லுவாங்க. நல்லாக் கழுவி உடணும், வாசனயே இருக்கக் கூடாது. நீங்க கண்டுபுடிச்சா மனசு கஷ்டப்படுவீங்களாம்.”

அப்பா தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து பூவை எடுத்த அதே அம்மா, நான் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்திருக்கிறார். அவருக்கு அந்த வாசனை கடைசி வரை பிடிக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நாற்பது வருடத்து ரகசியத்தை அன்றுதான் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “எனக்கு இது தெரியாதே பாப்பா. நீ அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல” என்றார். சொல்லியிருக்கலாம். அவரும் மூன்று ஞாயிறு வந்திருக்கலாம்.

அம்மாவின் கையைத் தன் கையாகப் பார்த்துக்கொண்ட செல்விக்கும், எங்களைப் பிரித்துவிட்டுப் பிறகு சேர்த்தும் வைத்த சித்தப்பாவுக்கும், வீடு தேடி வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி தம்பிக்கும், துக்க வீட்டுக்கு மூன்று நாள் சோறாக்கிக் கொண்டுவந்த சத்துணவுக் கூடத்துத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும். அன்று உங்கள் எல்லோர் முன்னாலும் நடந்துகொண்ட விதத்துக்கு நானும் அண்ணனும் சேர்ந்து மன்னிப்புக் கேட்கிறோம்.

அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அதே தொட்டி இருக்கிறது. அண்ணனும் நானும் மாதம் ஒருவர் என்று முறை வைத்து வளர்த்தது. சாப்பிட்டுப் போகும்போது ஒரு கொழுந்து கிள்ளி முகர்ந்து பாருங்கள். பிடித்தால் எடுத்துப் போங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுங்கள். இந்த வீட்டில் இனி யாரும் எங்களுக்காக ஒளித்துக் கை கழுவ வேண்டாம்.