கண்ணாடி போடாத பிள்ளை

என் இடது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும், ஜன்னலோரம் நிற்பது யார் என்று சொல்லாது. வலது கண் தடித்த கண்ணாடியின் தயவில் வேலை பார்க்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "கண்ணுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சிக்குக் கோபம் ஏறும். வந்தவர்களுக்கு முன்னால் என்ன செய்வது, பலகாரத் தட்டை நீட்டுவேன்.

நான் ஜெர்மனியில் ஹம் நகரத்தில் வளர்ந்தவள். இரண்டாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்ப, சோடாப்புட்டிக் கண்ணாடி ஒன்று வந்து மூக்கில் உட்கார்ந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பஸ் கிட்ட வருமுன்னரே அதன் இலக்கம் தெரிந்ததே, அது போதாதா? அம்மாவுக்குத்தான் தலையில் இடி விழுந்தது. யாராவது படம் எடுக்க வந்தால் "கழட்டு, கழட்டு" என்று பறந்து வருவார். எங்கள் ஆல்பத்தில் எல்லாரும் கமராவைப் பார்க்க, நான் மட்டும் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணப் பேச்சு தொடங்கியதும் அம்மா என்னைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் கொன்டாக்ட் லென்ஸ் வாங்கித் தந்தார். கடைக்காரப் பெண் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். கையைக் கழுவு, ஈரம் போகத் துடை, விரல் நுனியில் வை, கீழ் இமையை இழு, மேலே பார். தண்ணீர் பட விடாதே. லென்ஸோடு நித்திரை கொள்ளாதே, கண் பழுதாகிவிடும். நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்ல, அம்மா தேவாரம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"வெளியிலை தெரியுமோ எண்டு கேள்."

யாருக்கும் தெரியாது என்று அந்தப் பெண் சிரித்தாள். அன்று முழுவதும் அம்மாவின் முகத்தில் விளக்கேற்றியதுபோல் இருந்தது.

எனக்கும் லென்ஸ் பிடித்துத்தான் இருந்தது. குளிருக்குள்ளிருந்து பஸ்ஸில் ஏறும்போது கண் முன்னால் புகை படியவில்லை. சோற்றுப் பானையைத் திறக்கும்போது குருடியாகவில்லை. முதன்முதலாக என் முகத்தை முழுதாகக் கண்ணாடியில் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்தேன். ஆனால் அம்மா அதோடு நிற்கவில்லை. பிராங்பேர்ட்டிலிருந்து பெண் பார்க்க வந்த மாமியிடம், "பிள்ளைக்குக் கண் நல்ல வடிவாத் தெரியும். விளக்கில்லாமலே ஊசிக்கு நூல் கோப்பாள்" என்று அளந்துவிட்டார். யாரும் கேட்கவேயில்லை!

மாமியின் மகனிடம் நான் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே உண்மையைச் சொன்னேன். "அதுக்கென்ன, எனக்கு மயிர் கொட்டுது. நானும் சொல்லி வைக்கிறன்" என்றார். அந்த மனிதரைக் கட்டலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் மாமி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா தொலைபேசியில் காதுக்குள் சொல்லுவார்: "லென்ஸ் டப்பாவை ஒளிச்சு வை." துவாய்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். மாமி எழும்புமுன் லென்ஸைப் போட்டு, அவர் படுத்த பிறகுதான் கழற்றுவேன். கோவில் திருவிழாவில் கர்ப்பூரப் புகையும் திருநீறும் கண்ணுக்குள் போய் மிளகாய் பட்டதுபோல் எரியும். சிரித்துக்கொண்டே நிற்பேன். முப்பது வயது தாண்டிய பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். அம்மாவோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்?

மூன்று வருடங்களுக்கு முன், மாமி எங்களோடு வந்து நின்ற ஒரு காலையில், சமையலறையில் வயிற்றைப் பிடித்தபடி விழுந்தேன். குடல்வால் வெடித்திருந்தது. லொறி ஓட்டுகிற என் கணவர் அப்போது ஸ்பெயினில் நின்றார். ஆம்புலன்ஸில் என்னோடு வந்தவர்கள் மாமியும், செய்தி கேட்டு ஓடிவந்த அம்மாவும். சத்திரசிகிச்சை முடிந்தும் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதால், என்னை மருந்து கொடுத்து நாட்கணக்கில் நித்திரையிலேயே வைத்திருந்தார்கள்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். யார் புதிதாக வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது பல்லுக்கட்டு, காதுக்கருவி, கண்ணாடி, லென்ஸ். ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அங்கேயும் ஒரு தாதி வந்து, தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, லென்ஸ் போடுகிறவளா என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு அந்த அளவு ஜெர்மன் நன்றாகவே விளங்கும். பக்கத்துக் கதிரையில் மாமி இருந்தார்.

"நைன், நைன்" என்றிருக்கிறார் அம்மா. இல்லை, இல்லை.

அவர் ஸ்பெயினிலிருந்து வந்து சேர்ந்த பிறகு, என் கட்டிலருகே நின்று கேட்ட முதல் கேள்வி, "இவவின்ர லென்ஸை எடுத்திட்டியளோ?" என்பதுதான். அந்தத் தாதி வெளிறிப்போய்விட்டாளாம். வலது கண்ணிலிருந்தது சுலபமாக வந்தது. இடது கண்ணில் லென்ஸுக்குக் கீழே புண் வைத்து, கருவிழி வெள்ளையாகியிருந்தது. நான் கண் விழித்தபோது என் உயிர் தப்பிவிட்டது என்று எல்லாரும் அழுது சிரித்தார்கள். எனக்குப் பாதி முகங்கள்தான் தெரிந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "அம்மா, ஏன் சொல்லேல்லை?"

"நீ சாகக் கிடந்தனி. எனக்கு அந்த நேரம் ஒண்டும் ஓடேல்லை" என்றார். பிறகு துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார். மறந்தார் என்று நம்பத்தான் ஆசை. மறந்தவர் "தெரியாது" என்று சொல்லியிருப்பார். எனக்குத் தேவையாக இருந்தது பெரிய மன்னிப்பு ஒன்றும் இல்லை. "நான் பயந்துபோய்ச் சொன்னனான்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். இன்றுவரை சொல்லவில்லை.

போன வருடம், மாமியின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, அவராகவே பேச்சை எடுத்தார்.

"எனக்குக் கலியாணத்துக்கு முதலே தெரியும் பிள்ளை. இவன் அண்டைக்கே சொல்லிப்போட்டான்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "பிறகேன் மாமி தெரியாத மாதிரி இருந்தனீங்கள்?"

"உங்கட அம்மாவுக்கு வெக்கமாப் போயிடும் எண்டுதான். ஆஸ்பத்திரியிலை அந்தப் பிள்ளை கண்ணைக் காட்டி ஏதோ கேட்டவள். எனக்கு டொச் பாஷை ஒரு சொல்லும் விளங்காது. விளங்கியிருந்தா நானே சொல்லியிருப்பனே."

அன்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதேன். யாருக்குத் தெரியக்கூடாது என்று அம்மா மறைத்தாரோ, அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவருக்குத் தெரியாத ஒரு பாஷையில் சொன்ன பொய்க்குத்தான் என் கண் போனது. இதை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. கோபம் வரும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும். சொன்னால் அந்த மனுஷி அதற்குப் பிறகு சோறு தின்னமாட்டார்.

போன ஞாயிறு தெரிந்த குடும்பம் ஒன்று வந்திருந்தது. வழக்கமான கேள்வி வந்தது. அம்மா வழக்கம்போல் முந்திக்கொண்டார்.

"காய்ச்சல் கண்ணிலை இறங்கிட்டுது. முந்தி பிள்ளைக்குக் கண்ணாடியே தேவையில்லை, நல்ல வடிவாத் தெரிஞ்சது."

வந்தவர் மாமியைப் பார்த்து, "அப்பிடியோ அக்கா?" என்று கேட்டார். மாமி என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஓம், நல்லாத் தெரிஞ்சது" என்றார்.

அம்மா நிம்மதியாக எழுந்து தேத்தண்ணீர் பரிமாறப் போனார். எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் வரவில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன். "பிடியன் பிள்ளை, கை சுடுது" என்ற அம்மாவின் குரல் கேட்டுத்தான் திரும்பினேன். கோப்பையை நீட்டியபடி, வெகுநேரமாக என் இடது பக்கத்தில் நின்றிருக்கிறார்.