குளியலறைக்கு ஒரு கப்பல் வாசற்படி

கப்பலில் நெட் வந்த அன்றைக்கே எனக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் என் கணவர் கப்பலேறினால், ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கி சிம் கார்டு வாங்கினால்தான் பேச்சு. அதுவரை வீடு என் கையில் இருக்கும். இப்போது நடுக்கடலில் இருந்துகொண்டு, எங்கள் பாத்ரூம் சுவரில் குழாய் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று வீடியோவில் விரலை நீட்டிச் சொல்கிறார்.

வீட்டை நாங்கள் ஆசைப்பட்டு இடிக்கவில்லை. பெருமழையில் தெரு குளமானபோது தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பாத்ரூம் ஓட்டை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது, அத்தனையும் சாக்கடை. அடுத்திருந்த குசினிக்குள் புகுந்தது. சமையலறையைக் குசினி என்று சொல்லித்தான் எங்கள் தெருவில் பழக்கம். அலமாரிப் பலகை ஊறி உப்பி, கதவு மூட மாட்டேன் என்று நின்றது. எவ்வளவு பினாயில் ஊற்றியும் அந்த நாற்றம் போகவில்லை. குசினியையும் பாத்ரூமையும் புதிதாகக் கட்டிவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். அதற்கப்புறம் ஆளாளுக்கு முடிவு செய்ய ஆரம்பித்தார்கள்.

என் கணவருக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை. குழாயும் வால்வும்தான் அவர் பிழைப்பு. அதனால் வீட்டுக் குழாய்க்கும் தான்தான் அதிகாரி என்று நினைத்துக்கொண்டார். ஒரு படம் வரைந்து அனுப்பினார். அதில் அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி இருந்தது. எதற்கு என்று கேட்டேன். கப்பல் ஆடும்போது சட்டி சரியாமல் இருக்க அப்படித்தான் வைப்பார்களாம். வீடு எந்தப் புயலில் ஆடப்போகிறது, நான் எந்தச் சட்டியைக் கம்பிக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்குவது என்று கேட்டதற்கு, சிக்னல் சரியில்லை என்றார். சமையல் மேடையின் உயரம் அவர் இடுப்புக்குக் கணக்காக இருந்தது. அந்த மேடையில் வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் வெங்காயம் நறுக்கியதில்லை. மீன் ஆய நான் உட்காரும் பின்வாசல் கல்லும் உப்புத் தண்ணீர்க் குழாயும் படத்தில் இல்லவே இல்லை. சாளையும் ஊளியும் தானே செதில் உதிர்த்துக்கொண்டு சட்டிக்குள் வந்து விழும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒன்று மட்டும் ஒழுங்காகச் சொன்னார். நல்ல தண்ணீர்க் குழாய்க்கு நீலப் பட்டை, உப்புத் தண்ணீர்க் குழாய்க்குப் பச்சைப் பட்டை அடிக்கச் சொன்னார். இரண்டு தண்ணீர் ஓடும் ஊரில் அது தேவைதான். அதை ஒத்துக்கொண்டேன். ஒன்றை ஒத்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வது ஆண்கள் வழக்கம்.

எனக்கு அடுப்பைவிட முக்கியமாக இருந்தது பாத்ரூம். அது மாமாவுக்காக. என் கணவரின் அப்பா, அந்தக் காலத்தில் தோணியில் தண்டல். பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்குத் தோணியை நடத்திப்போன ஆள். போன வருஷம் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷனுக்கு அப்புறம் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். அத்தை இல்லை. வீட்டில் அவரும் நானும்தான். பழைய பாத்ரூம் வாசலில் அரையடிப் படி இருந்தது. அவர் வாக்கரை உள்ளே வைத்துவிட்டு நிற்பார், நான் குனிந்து அவர் காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு தோணியையே அதட்டி நடத்தியவர், மருமகள் கையால் கால் தூக்கப்படுவதைத் தாங்க முடியாமல் நின்றார்.

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நிறைத்துவைத்த செம்பு, துறைமுகத்துக்குப் பக்கத்து ஆபீசில் வேலை முடிந்து நான் வரும்போதும் நிறைந்தே இருக்கும். கேட்டால் தாகமில்லை என்பார். தூத்துக்குடி வெயிலில் தாகமில்லையாம். கடைசியில் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. டாக்டரம்மா அவரை ஒன்றும் சொல்லவில்லை. பெரியவருக்குத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லையா என்று என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் புதுப் பாத்ரூமில் படியே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தரையை உள்பக்கமாக நல்ல வாட்டமாக இழுத்துவிட்டால் தண்ணீர் வாசலுக்கு வராது. வாசல் அகலமாக, கதவு வெளிப்பக்கம் திறக்க, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இவ்வளவுதான் நான் கேட்டது.

என் கணவர் கேட்டதோ முக்காலடிப் படி. கப்பலில் ஒவ்வொரு கதவுக்கும் கீழே முழங்கால் பக்கம் வரைக்கும் இரும்புத் தடுப்பு இருக்குமாம். அலை அடித்துத் தண்ணீர் ஏறினாலும் அந்த அறையோடு நிற்குமாம். பாத்ரூம் ஓட்டையில் மறுபடி சாக்கடை பொங்கினால் குசினிக்கு வராதாம். கொத்தனாரும் எங்கள் தெருக்காரர்தான். கரண்டி பிடிப்பதற்கு முன்னால் அவரும் தோணிக்குப் போனவர். "மைனி, அண்ணன் சொல்லுதது கரெக்ட்டு" என்று தலையாட்டினார். சரி, மாமாவாவது எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால், வாசல் என்றால் படி இருக்கத்தான் வேண்டும் என்று அவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். யாருக்காக நான் மல்லுக்கு நிற்கிறேனோ அவரே.

மூன்று பேரும் கடலுக்குப் போனவர்கள். தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பது ஒன்றுதான் அவர்கள் பயம். கடலுக்குத் தள்ளிக் கிடக்கும் நாசரேத்திலோ சாத்தான்குளத்திலோ ஒரு வாத்தியார் வீட்டில் இந்தக் கூத்து நடந்திருக்காது. மனுஷன் உள்ளே போக முடியாத பாத்ரூமுக்குத் தண்ணீர் வெளியே வராமல் இருந்து என்ன ஆகப்போகிறது?

வேலை நடந்தவரை பக்கத்து வீட்டு பாத்ரூம்தான் எங்களுக்கு. மாமா தண்ணீரை இன்னும் குறைத்தார். உதடு வெடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆபீசிலிருந்து வந்து வண்டியை நிறுத்துகிறேன், பாத்ரூம் வாசலில் செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசி, படி எழும்பி நிற்கிறது. நான் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை. கொத்தனார் போனைப் பிடித்து என் கணவருக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தார். மாமா ஹாலில் நாற்காலியில் இருந்தார். போனைப் பிடுங்கினேன்.

"இத மாமா எப்படித் தாண்டுவாக?" என்றேன்.

"நீதான் கூட இருக்கியே. பிடிச்சுக் கூட்டிட்டுப் போயேன்" என்றார் என் கணவர், சாதாரணமாக.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "நான் பிடிப்பேன். அவுக சம்மதிக்கணும்லா? நான் பிடிக்கணுமேன்னுதான் உங்கப்பா தண்ணி குடிக்கதையே விட்டுட்டாக. காலைல வச்ச செம்பு சாயங்காலம் வரை அப்படியே கெடக்கு. காய்ச்சல் எதுனால வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

 நான் விடவில்லை. சாக்கடையை வெளியே விட்டு, திரும்ப உள்ளே விடாத வால்வை அவர் கப்பலில் தன் கையால் எத்தனை மாட்டியிருப்பார், அதில் ஒன்றை வீட்டு வெளிக்குழாயில் மாட்டச் சொல்ல ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். தண்ணீர் வருகிற இடத்தை விட்டுவிட்டு மனுஷன் வருகிற இடத்தை அடைத்தால் அது என்ன ஃபிட்டர் வேலை என்றும் கேட்டேன்.  இந்தத் தடவை சிக்னல் நன்றாகவே இருந்தது.

இதெல்லாம் மாமா காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் பேசினேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் நிறைந்திருந்த செம்பைப் பார்த்தார். கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"ஏலே, அந்தப் படியத் தட்டி எடு."

"பெரியப்பா, சிமெண்ட்டு இன்னும் காயல."

"காயாததுனாலதாம்ல சொல்லுதேன்."

கொத்தனார் என் முகத்தைப் பார்க்காமலே கடப்பாரையை எடுத்தார். அன்றைக்கே வெளிக்குழாய்க்கு வால்வு வாங்கிவரச் சொன்னேன். கோபம் இருக்கும்போதே மற்ற வேலைகளையும் முடித்துக்கொள்வது நல்லது என்று, படத்திலிருந்த அடுப்புக் கம்பி வேலியை வேண்டாம் என்று அடித்துவிட்டேன், மேடையை என் இடுப்புக்கு இறக்கினேன், பின்வாசலில் மீன் கல்லையும் குழாயையும் போட்டுக்கொண்டேன். 

டைல்ஸ் ஒட்டி முடித்து, முதல் நாள் மாமா வாக்கரை உருட்டிக்கொண்டு போனார். நான் பழக்கத்தில் பின்னாலேயே போனேன். அவர் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது. நான் வெளியே நின்றேன், என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு குசினிக்குப் போய்விட்டேன்.

என் கணவர் போன் செய்தபோது முதல் கேள்வியே பாத்ரூம் தண்ணீர் வெளியே வருகிறதா என்பதுதான். அப்பா எப்படி இருக்கிறார் என்பது இரண்டாவதாக வந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன். அதற்குள் ஹாலிலிருந்து மாமாவின் குரல் வந்துவிட்டது, தோணியில் ஆளை அதட்டிய அதே குரல்.

"ஏளா, எம்புட்டு நேரமா கூப்பிடுதேன், காது கேக்கலையா? செம்புல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது."

போனை மேடையில் வைத்துவிட்டு, செம்பை எடுத்து வந்து நீலப் பட்டைக் குழாயைத் திறந்தேன். செம்பு நிறைகிற வரைக்கும் அவர் திட்டிக்கொண்டே இருந்தார்.