சுற்றுப் பேருந்தின் மௌன விரதம்

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆட்கள் முண்டியடிக்கிறார்கள். பல்கலைக்கழக வளாகத்துக்குள் சுற்றுப் பேருந்து ஓட்டும் ஒருவரைப் பற்றி எழுத இதுவரை ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை. அறிவுலகத்துக்கு நேர்ந்த இந்த இழுக்கை என்னால் ஆன மட்டும் துடைக்கிறேன்.

மாணவர்களுக்கு அவர் வானொலி அண்ணன். பேராசிரியர்களுக்கு வெறும் வானொலி. நூலக வாசலில் பைகளை வாங்கி வைக்கும் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு மட்டும் ‘என்னங்க’. முன்வாசலில் கிளம்பி, நூலகம், வேதியியல் கட்டிடம், பெண்கள் விடுதி, குளக்கரை, நிர்வாகக் கட்டிடம் என்று ஒரு வட்டம் போட்டு மறுபடி முன்வாசலுக்கே வருவது அவர் தொழில். வாழ்நாளில் பாதியை இந்த வட்டத்திலேயே கழித்தும் அவர் எங்கும் போய்ச் சேரவில்லை. அதே வளாகத்தில் அப்படியே காலம் தள்ளுபவர்களுக்கு ஆராய்ச்சியாளர் என்று பெயர். இவருக்கு ஓட்டுநர் என்று பெயர். வித்தியாசம் அவ்வளவுதான்.

பேருந்து ஓட்டுவது அவருக்கு உபதொழில். குளத்து வாத்து பதிவாளரைத் துரத்தியது, இயற்பியல் துறையில் இருவர் ஒரே மின்விசிறிக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டது, எந்த ஆய்வகத்தின் கூரை எந்தப் பேராசிரியரின் தலையில் ஒழுகுகிறது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வளாகத்துக்குக் கிடைக்கும். தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் பயணிகளின் முகத்தைப் பார்த்தபடி சொல்லுவார். வாய் பிளந்தால் நல்ல செய்தி. தூங்கினால் சுமாரான செய்தி.

அதற்காக வாய்க்கு வந்ததைப் பேசுபவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு ஒரு தர்மம் இருந்தது. “ஒருத்தர் சொன்னா அது பேச்சு. ரெண்டு பேர் சொன்னாத்தான் செய்தி.” எதையும் முதல் சுற்றில் ‘பேச்சு’ என்றுதான் போட்டுவைப்பார். பேருந்து வட்டமடித்துத் திரும்பும்போது புதிதாக ஏறுபவர்களில் இரண்டு பேராவது அதையே அவரிடம் சொல்லுவார்கள். உடனே அது ‘செய்தி’யாகப் பதவி உயர்வு பெறும். அந்த இரண்டு பேருக்கும் யார் சொன்னார்கள் என்று அவர் விசாரித்ததே கிடையாது. அடுத்தவர் ரகசியத்தைத் துருவுவது அவருக்குப் பிடிக்காது.

இந்த தர்மம்தான் மண்ணியல் துறைத் தலைவர் விஷயத்தில் அவரைக் கவிழ்த்தது. அந்த மனிதர் மூன்று பெரிய பெட்டிகளைக் காரில் ஏற்றுவதை வானொலி பார்த்தார். வெளிநாட்டுக்கே போய்விடுகிறார் போலிருக்கிறது என்று பேச்சாகப் போட்டார். ஒரு சுற்றில் அது செய்தியாகத் திரும்பி வந்தது. மறுநாள் துறைக் கூட்டம் என்று நம்பிப் போன தலைவருக்கு வழியனுப்பு விழா நடத்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, கண்ணீரும் விட்டார்கள். கண்ணீர் காய்வதற்குள் அவர் நாற்காலிக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். பெட்டிகளில் இருந்தவை பாறைக் கற்கள். வகுப்பில் காட்டுவதற்காக எடுத்துப் போயிருக்கிறார்.

நிர்வாகம் சீறியது. வாகனப் பிரிவு மேற்பார்வையாளர் வானொலியின் வீட்டுக்கே வந்துவிட்டார். வர அவருக்கு உரிமை உண்டு. வானொலியின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. வந்தவர் விரலில் ஒரு சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“என்ன மாமா இது? கொஞ்சமாவது விசாரிக்க வேண்டாமா?”

“ரெண்டு பேர் சொன்னாங்க மச்சான்.”

“அந்த ரெண்டு பேருக்கும் யார் சொன்னாங்க?”

“அதையெல்லாம் கேக்கறது மரியாதையா?”

மச்சான் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். “இது தண்ணி லாரிச் சாவி. இன்னொரு தடவை உங்க வாயிலேருந்து ஒரு புரளி வந்துச்சு, மேலிடத்து உத்தரவு, நாளைக்கே உங்களை மரத்துக்குத் தண்ணி ஊத்த அனுப்பிருவேன். உறவெல்லாம் பாக்க மாட்டேன்.”

வானொலிக்கு வேர்த்துவிட்டது. தண்ணீர் லாரியில் முன்னால் ஒரே ஓர் இருக்கை. பின்னால் முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குக் காது கிடையாது. தூக்குத் தண்டனைக்காவது கடைசி ஆசை கேட்பார்கள்.

“வேண்டாம்டா தம்பி, பாவம்,” என்றார் மனைவி. “இவரு மரத்துக்கிட்டயே பேச ஆரம்பிச்சுருவாரு. அப்புறம் மரமெல்லாம் சண்டை போட்டுக்கும்.”

அன்றே வானொலி ஒரு முடிவுக்கு வந்தார். இனிப் பேச்சும் கிடையாது, செய்தியும் கிடையாது.

மறுநாள் காலை பேருந்து கிளம்பியது. வானொலியின் உதடுகள் பசை போட்டு ஒட்டியதுபோல் இருந்தன.

“என்ன அண்ணே, இன்னிக்கு என்ன விசேஷம்?” என்றாள் கணக்குப் படிக்கும் பெண்.

வானொலி கண்ணாடியைப் பார்க்காமல் சாலையையே பார்த்து ஓட்டினார்.

“அந்த வாத்து எப்படி இருக்கு?”

வாத்தைப் பற்றிக்கூட அவர் வாய் திறக்காததும் பேருந்துக்குள் கிலி பரவியது. நூலக நிறுத்தத்துக்குள், அவர் வீட்டில் ஏதோ துக்கம் என்று முடிவு கட்டினார்கள். அங்கே இறங்கிப் பார்த்தால் அவர் மனைவி பைகளை அடுக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஆக, வீட்டில் குறையில்லை. வேதியியல் கட்டிடம் வருவதற்குள், பேசக் கூடாதென்று மேலிடம் அவர் வாயைக் கட்டிவிட்டதாகக் கண்டுபிடித்தார்கள். வளாகத்தில் அன்றைக்கு நடந்த ஒரே சரியான கண்டுபிடிப்பு அதுதான். விடுதியில், வாயைக் கட்டும் அளவுக்கு அப்படி என்ன ரகசியம் என்று கேள்வி எழுந்தது. குளக்கரையில் விடை கிடைத்தது: பல்கலைக்கழகத்தை மூடப் போகிறார்கள். நிர்வாகக் கட்டிடத்தில் தேதியும் சேர்ந்துகொண்டது: நாளைக்கே.

அடுத்த சுற்றில் ஆய்வக உதவியாளர் ஒருவர் ஏறினார். “அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்களுக்கே தெரியும். நாளைக்கு மூடுறாங்க.”

வானொலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடுதி வாசலில் கணக்குப் பெண் பெட்டியோடு ஏறினாள். “மூடுறாங்களாமே அண்ணே, ஊருக்குக் கிளம்பிட்டேன்.”

ரெண்டு பேர். தர்மப்படி செய்தி. அதுவும் வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கும் செய்தி. அது கிடைத்த நாளில் வாயில் பூட்டு. தண்ணீர் குடித்தார், காரணமில்லாமல் ஒலிப்பானை அடித்தார். ஆனால் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. கண்ணெதிரே தண்ணீர் லாரி நின்றது.

மதியத்துக்குள் பேருந்தில் மனிதர்களைவிடப் பெட்டிகள் அதிகமாகிவிட்டன. ‘மூடும் எண்ணம் இல்லை’ என்று நிர்வாகம் அவசரமாக ஓர் அறிவிப்பு ஒட்டியது. “ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு ஒட்டணும்?” என்று கேட்டுக்கொண்டே மிச்சமிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள்.

குளக்கரையில் மச்சானின் மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்து நின்றது. விரலில் சாவி பம்பரமாகச் சுழன்றது.

“என்ன மாமா சொல்லித் தொலைச்சீங்க?”

வானொலி தன் வாயைச் சுட்டிக்காட்டிக் கையை விரித்தார்.

“சார், அண்ணன் காலையிலேருந்து மூச்சு விடலை,” என்றது பேருந்து முழுவதும். “அதான் எங்களுக்குப் பயமே.”

மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சரி மாமா. வாயைத் திறங்க. மூடலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க.”

அன்றைக்கு முதல் தடவையாக வானொலி பேசினார். “யார் சொன்னது?”

“நான்தான் சொல்றேன்.”

“நீ ஒருத்தன்தானே. மூடுறாங்கன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க. மூடலைன்னு ஒரே ஆள் சொல்றே. அதை நம்பிப் புரளி கிளப்பிட்டு நான் தண்ணி லாரிக்குப் போகவா?”

“மாமா, கால்ல விழறேன்.”

“விழு. அப்பவும் ஒரு ஆள்தான்.”

மச்சான் போனை எடுத்தார். சிறிது நேரத்தில் நிர்வாகக் கட்டிடத்திலிருந்து துணைவேந்தரே மூச்சு வாங்க நடந்து வந்து பேருந்தில் ஏறினார். “மூடலைப்பா. சத்தியமா மூடலை.”

“ரெண்டாச்சு,” என்றார் வானொலி. பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். “அந்தச் சாவியைப் பையில போடு. அது ஆடினா எனக்குப் பேச்சு வராது.”

சாவி பைக்குள் போனது.

“இனி வெளியவும் வரக்கூடாது.”

“வராது மாமா. நீங்க இந்த பஸ்ஸை விட்டு இறங்கவே வேண்டாம்.”

“நீங்க உக்காருங்க சார்,” என்றார் வானொலி துணைவேந்தரிடம். “ஒரு சுத்து வாங்க. யாராவது சந்தேகப்பட்டா ரெண்டாவது ஆள் வேணும்.”

யாரும் சந்தேகப்படவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் வானொலி கணீரென்று சொல்லச் சொல்ல, பெட்டிகள் இறங்கி விடுதிக்குத் திரும்பின. கறுப்புக் கண்ணாடி போட்ட காரிலேயே போய்வரும் துணைவேந்தரை வழியில் ஏறியவர்கள் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர் ஜன்னலோரம் காற்று வாங்கினார். வெகுநாள் கழித்து நிம்மதியாக இருந்ததில், “இந்த வேலையை விட்டுட்டு இப்படியே சுத்திக்கிட்டிருக்கலாம்,” என்று முனகினார்.

முன்னால் கண்ணாடியில் இரண்டு கண்கள் அகல விரிந்தன. முன் இருக்கைக்காரர் காதில் வானொலி அதைப் பேச்சாகத்தான் போட்டார். வெறும் பேச்சாக.

அடுத்த சுற்றில் நூலகத்தில் ஏறிய ஒருவர், இன்னும் இறங்க மனம் வராத துணைவேந்தர் பக்கத்தில் உட்கார்ந்தார். “தெரியுமா சார், துணைவேந்தர் ராஜினாமாவாம்.” விடுதியில் ஏறிய பெண்ணும் அதையே சொன்னாள்.

துணைவேந்தர் கம்பியைப் பிடித்தபடி தள்ளாடி முன்னால் வந்தார். “ஏம்ப்பா, நான் ராஜினாமா பண்றேன்னு பேசிக்கறாங்களே. நிஜமா?”

“எத்தனை பேர் சார் சொன்னாங்க?”

“ரெண்டு பேர்.”

வானொலி வருத்தத்தோடு கியரை மாற்றினார். “அப்ப செய்திதான் சார். ஆனா நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. தண்ணி லாரிக்கு ஆள் இல்லாமத்தான் இருக்கு. மச்சான்கிட்ட நான் சொல்றேன்.”