பஞ்சுக்காவின் கை

அந்த பியூட்டி பார்லரில் அவளை எல்லாரும் பஞ்சுக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது அவள் கை வாங்கித் தந்த பெயர். விரல் முகத்தில் பட்டால் போதும், அடுத்த நிமிடம் குறட்டை கேட்கும். மாதம் தவறாமல் வரும் கணக்கு டீச்சர், பஞ்சு இல்லையென்றால் வாசலோடு திரும்பிவிடுவார்.

பார்லரின் பாழாய்ப்போன வாஷிங் மெஷின் ரிப்பேரானதும் பிடித்தது சனி. தினமும் முப்பது டவல், வெந்நீர், சோப்புத்தூள். இரண்டே மாதத்தில் விரலெல்லாம் வெடிப்பு. கடைசியில் டீச்சரே முகம் சுளித்தார். "என்ன பஞ்சு, கை உறுத்துதே?"

முதலாளியம்மா அன்றே சொல்லிவிட்டார். "இந்த மாசம் டவலை மட்டும் பாத்துக்கோ. கை சரியாகலேன்னா ஃபேஷியலுக்கு வேற ஆளை வச்சுடுவேன்." கையைக் கெடுத்ததே அந்த டவல்தான். நன்றாக இருக்கிறது நியாயம்!

வீட்டுக்குப் போனவள், வந்த ஆத்திரத்தில் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுப் பரபரவென்று கையைத் தேய்த்தாள். ரத்தம் கசிந்தது. பஸ் டிரைவரான கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஏன்டி, மொதல்ல எரிச்சல் அடங்கணும், அப்புறம் ஈரம், அதுக்கு மேலதான் க்ரீம்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறே. உன் கை மட்டும் என்ன அடிப்பிடிச்ச பாத்திரமா?"

"நீங்க உங்க பஸ்ஸைப் பாருங்க!"

சொல்லிவிட்டாளே தவிர, சுருக்கென்று தைத்தது. ஊருக்குத்தானா உபதேசம்?

மறுநாள் ரப்பர் கையுறை வாங்கினாள். எலுமிச்சை குப்பைக்குப் போனது. கை கழுவியதும் துடைக்காமல், அந்த ஈரத்திலேயே கற்றாழை ஜெல். அதற்கு மேல் தண்ணீர் கலந்த கிளிசரின் நாலு சொட்டு. வாங்கிய ஈரம் ஓடிவிடாமல் இருக்கக் கடைசியாக மெல்லிசாக வாசலின். படுக்கும்போது கணவரின் பழைய சாக்ஸைக் கைகளில் மாட்டிக்கொண்டாள்.

"யாரோட குத்துச்சண்டை?" என்று கேலி செய்தார் மனுஷர். ஆனால் மறுநாள் முதல் வீட்டில் பாத்திரம் கழுவியது அவர்தான்.

மாதக் கடைசியில் டீச்சர் வந்தார். பள்ளி விளையாட்டு விழாவில் மூன்று நாள் வெயிலில் நின்று முகம் சிவந்து கிடந்தது. கண்மேல் ஈரப் பஞ்சை வைத்துப் படுக்கவைத்த முதலாளியம்மா, பேசாமல் தொடங்கு என்று பஞ்சுக்காவுக்கு ஜாடை காட்டினார்.

அவள் வெடிப்பு மூடியிருந்த விரல்களைத் தன் கன்னத்தில் ஒருமுறை ஒற்றிப் பார்த்துக்கொண்டாள். பிறகு டீச்சரின் ஈர முகத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவினாள். நெற்றிச் சுருக்கம் மெல்ல இளகியது.

"எங்க போயிட்ட பஞ்சு, இத்தனை நாளா?" என்றார் டீச்சர்.

முதலாளியம்மா வாயைப் பிளந்தார். "கண்ணைத் தொறக்காமலே எப்படித் தெரிஞ்சுது டீச்சர்?"

"என் முகத்துக்குத் தெரியாதா?"

பஞ்சுக்காவால் வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட முடியவில்லை. இரண்டு கைகளும் டீச்சரின் முகத்தில் இருந்தன.