ரசத்தில் முடிந்த விண்கப்பல்

ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஞாயிறு காலைகளில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் ஒரே ஒருவரைத்தான் வாசிக்கும். காலமாகிவிட்ட ஓர் அறிவியல் புனைகதைக்காரர். வேறு யார் பெயரையாவது எடுத்தால் ஃபேனை நிறுத்திவிடுவார்கள்.

அந்த வட்டத்தில் நான்தான் பெரிய மனிதன். காரணம் அறிவு அல்ல, கிழிக்கும் பழக்கம். அவருடைய நீளமான தொடர்கதை ஒன்று புத்தகமாக வரவே இல்லை. கல்லூரிக் காலத்தில் வார இதழிலிருந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்து, கொருக்குப்பேட்டையில் பைண்டு போட்டு வைத்திருந்தேன். மற்றவர்கள் படித்ததெல்லாம் என் தொகுதியின் ஜெராக்ஸ்.

அவருடைய நினைவு நாளையொட்டி வருடாவருடம் அந்தக் கதையின் முடிவைப் பற்றி நான் பேசுவேன். எழுபது ஆண்டுகள் விண்வெளியில் சுற்றியவன் வீடு திரும்புகிறான். மனைவி ஒன்றும் கேட்காமல் ரசம் ஊற்றுகிறாள். அவ்வளவுதான். விஞ்ஞானத்தைக் கடைசிப் பக்கத்தில் கைகழுவ எத்தனை துணிச்சல் வேண்டும் என்று நான் முடிக்கும்போது, திருவொற்றியூரிலிருந்து வரும் நர்ஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். மனைவிக்கு ஏன் வயதாகவில்லை என்பதற்கும் என்னிடம் ஒரு தத்துவ விளக்கம் இருந்தது.

இந்த வருடம் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நண்பர் என்னைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வட்டத்தில் புதியவர். கையில் இரண்டு காகிதக் கட்டுகள்.

"மாமு, தப்பா நினைக்காத. எங்க அக்காவும் உன்னை மாதிரிதான், கிழிச்சி வெச்சிக்கும். இந்தக் கட்டுல நம்ம ஆளு கதை. கடைசி வரைக்கும் கீது. ரசம் மட்டும் இல்ல."

"இல்லையா?"

"ரசம் இந்தக் கட்டுல கீது. அதே வாரப் பொஸ்தகத்துல கூடவே வந்துகினு இருந்த வேற ஆளோட குடும்பத் தொடரு."

பார்த்தேன். வரிக்கு வரி அதே ரசம். அந்த அத்தியாயத்தில் பெயர்களே கிடையாது, அவன், அவள் மட்டும்தான். என் தொகுதியில் தலைப்பு இருந்த மேல் ஓரத்தை பைண்டர் வெட்டிச் சீராக்கியிருந்தார். கடைசி வாரம் தொடர் மாறிக் கிழித்தது மட்டும் என் சொந்தக் கைவேலை.

"நான் பையில போட்டுக்கினு பூடறேன். நீ எப்பவும் போல பேசு. யாருக்கும் தெரியாது."

டீ ஆறும்வரை யோசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு வாய்க்குள் முடிவு செய்துவிட்டேன். கௌரவத்தைவிடப் பெரிய ஒன்று அந்தக் கட்டில் இருந்தது: செத்துப்போன மனிதரிடமிருந்து நான் இன்னும் படிக்காத ஓர் அத்தியாயம்.

மாடியேறி எல்லாரிடமும் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் ஃபேனை நிறுத்தப் போனார். நர்ஸ் அம்மாதான் கேட்டார்:

"அப்போ எட்டு வருஷமா நான் அழுததெல்லாம் வேற யாருக்கோவா சார்?"

"ஆமாம்மா."

"சரி, படிங்க. நிஜத்துக்கு அழணுமான்னு பாப்போம்."

படித்தேன். கப்பல் பூமிக்கு வந்துவிடுகிறது. ஆனால் இறங்க இடமில்லை, வரிசையில் பதினோராவது. மேலேயே நிற்கச் சொல்கிறார்கள். அவன் தொலைநோக்கியில் தன் தெருவைத் தேடுகிறான்.

"நம்ம ஹார்பர்தான் மாமு," என்றார் கிரேன்காரர். "வெளில நிக்கிற கப்பலை நான் தினம் மேலேர்ந்து பாக்கறேன்."

"பேசாதீங்க," என்றார் நர்ஸ் அம்மா.

விளக்கம் சொல்ல வாய் துறுதுறுத்தது. பக்கத்தைத் திருப்பினேன்.