லாரிக்கு இடப்பக்கம்

நான் சைக்கிளை வெளியே தள்ளும்போதெல்லாம் என் கணவர் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான்: “ஓரமா போ.” பத்திரமாகப் போ என்பதற்கு எங்கள் ஆட்களிடம் வேறு வார்த்தையே இல்லை. நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பாசிர் கூடாங் பக்கம் இருக்கும் என் ஃபேக்டரிக்கு இருபத்தைந்து நிமிடம். சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், மணலும் உடைந்த கண்ணாடியும் கிடக்கும் இடம்தான் என் பாதை. மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவள் நான். ஃபேக்டரி பஸ் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வருவதில்லை. சைக்கிள் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அன்று காலை டிராபிக் லைட்டில் நீளமான கொண்டெய்னர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்கு இடப்பக்கம், ஓரத்தில், ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. நுழைந்தேன். முன்னால் போய் நின்றுகொண்டால் பச்சை விழுந்ததும் முதல் ஆளாகப் போய்விடலாம் என்ற நினைப்பு. பாதி லாரியைத் தாண்டுவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. லாரியின் தலை முதலில் நேராகத்தான் போனது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. டிரைவர் சிக்னல் போட்டிருந்தாரா என்று நான் பார்க்கவும் இல்லை. பிறகு லாரி இடப்பக்கம் திரும்பியது. அதன் நடு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கமே வந்தது. கத்தினேன், எந்த மொழியில் என்று எனக்கே தெரியாது. சைக்கிளை விட்டுவிட்டுப் புல்லில் குதித்தேன். பின் சக்கரங்கள் சைக்கிள் மேல் ஏறிப் போயின. லாரி நிற்கவே இல்லை.

முழங்கைச் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு கத்த ஆரம்பித்தார்.

“போதும் லா. இனிமே சைக்கிளும் வேணாம், வேலையும் வேணாம். வீட்ல இரு.”

எனக்கு வந்ததே கோபம்! “இடிச்சது அவன், வேலைய விடறது நானா? நீங்க சொன்ன மாதிரி ஓரமாதான் போனேன்! அந்த டிரைவருக்குக் கண்ணு இல்லையா?”

என் கணவரும் அதே மாதிரி லாரிதான் ஓட்டுகிறார், துறைமுகத்துக்கு, பதினாறு வருடமாக. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, நான் மட்டும் இளைத்தவளா?

ஞாயிற்றுக்கிழமை “கெளம்பு” என்றார். லாரிகளை நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனார். பதினாறு வருடத்தில் அவர் லாரியில் நான் ஏறியதே இல்லை. டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். மாடியில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் இடப்பக்கம் போனார்.

“கண்ணாடிய பாரு. நா தெரியறேனா?”

குரல் மட்டும்தான் கேட்டது. இடக் கண்ணாடியில் லாரியின் நீளமான பக்கமும் தூரத்தில் வேலியும் தெரிந்தன. எட்டி எட்டிப் பார்த்தேன். ஆளைக் காணோம்.

“வெளையாடாதீங்க. எங்க இருக்கீங்க?”

இடப்பக்கக் கதவைக் கீழேயிருந்து தட்டினார். அந்தக் கதவை ஒட்டியே நின்றுகொண்டிருந்திருக்கிறார் மனிதர், சைக்கிளும் கையுமாக.

இறங்கி வந்து கேட்டேன். “இப்படிப் பார்க்க முடியாமதான் தெனமும் லெப்ட் திரும்புறீங்களா?”

“மெதுவாத்தான் திரும்புவேன்.”

“யாராச்சும் அங்க இருந்தா?”

அவர் சைக்கிள் பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். “யாரும் இருக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் திரும்புறேன்” என்றார். “ஒன்ன அந்தப் பக்கமாவே போன்னு நாந்தான் தெனமும் சொல்லியிருக்கேன்.” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அலாமாக், இந்த மனிதர் அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்தது. இரண்டு நாளாக வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வேலையை நான் விடவில்லை. வேறு சைக்கிள் வாங்கினோம். இப்போதெல்லாம் லாரி நின்றால் அதன் பக்கத்தில் நுழைவதில்லை. பின்னால் நன்றாகத் தள்ளி, அதன் கண்ணாடியில் டிரைவரின் முகம் எனக்குத் தெரிகிற இடத்தில் நிற்கிறேன். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேதான், மற்ற வண்டிகளைப் போல. பின்னால் வருகிறவர்களுக்கு அது பொறுக்காது. போன வாரம் ஒரு கார்க்காரர் விட்டு விட்டு ஹாரன் அடித்தார். முன்பானால் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பேன், அல்லது திரும்பி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். அன்று இரண்டையும் செய்யவில்லை. அடிக்கட்டும் என்று நின்றேன். ஹாரன் அடிக்கிறவருக்கு நான் தெரிகிறேன்.