கேட்டதாகச் சொன்னவர்

அலுவலகத் தொலைபேசியை எடுப்பது என் வேலை. அன்று காலை முதலாவதாக வந்தது செல்வரட்ணம் அங்கிளின் மனைவி அன்ரியின் அழைப்பு. குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"பிள்ளை, அங்கிள் இண்டைக்கு வேலைக்கு வரமாட்டார் எண்டு மனேச்சரிட்டைச் சொல்லிவிடு."

"ஏன் அன்ரி, சுகமில்லையோ?"

"விடிய எழும்பேல்லைப் பிள்ளை. செத்துப்போனார்."

அதன் பிறகும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

இதைப் படிக்கும் மெல்பேர்ண் தமிழர்களான உங்களில் பலரை விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போனவர் செல்வரட்ணம் அங்கிள்தான். என்னைக் கூட்டிவந்த அன்று என் செருப்பைப் பார்த்தார். வீட்டுக்குப் போகும் முன்பே ஒரு சப்பாத்துக் கடை வாசலில் காரை நிறுத்தினார். "இந்த ஊர்க் குளிர் காலாலைதான் ஏறும் பிள்ளை. தலையை மட்டும் மூடிக்கொண்டு நிக்கிறது எங்கடை ஆக்கள்தான்" என்றார். அந்த நன்மைகள் எதையும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

தான் வேலை செய்த சூயிங்கம் தொழிற்சாலையிலேயே எனக்கும் தட்டச்சு வேலை எடுத்துத் தந்தார். எங்கள் பொட்டலங்களுக்குள் கால்பந்து வீரர் ஒருவரின் படம் போட்ட அட்டை இருக்கும். பிள்ளைகள் அட்டைக்காகத்தான் வாங்குவார்கள். சூயிங்கத்தைப் பாதியில் துப்பிவிடுவார்கள். தங்கள் படத்தை அச்சிட வீரர்கள் ஆண்டுதோறும் சம்மதம் எழுதித் தரவேண்டும். அதை வாங்குவது அங்கிளின் பொறுப்பு. பதிலுக்கு வீரர்களுக்குக் கிடைத்தது ஒரு பெட்டி சூயிங்கம். வேறொன்றுமில்லை.

அந்த வீரர்களில் ஒருவர் கெவின். கிழமை நாட்களில் குழாய் பொருத்தும் வேலை, சனிக்கிழமை ஆட்டம். அவர் கழகம் மாறியபோது நிறுவனம் புதுப்படம் எடுக்கவில்லை. பழைய படத்தின்மேல் புதுக் கழகத்தின் சட்டையைத் தூரிகையால் வரைந்து அச்சிட்டுவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் அறைக்கு வந்தார் கெவின்.

"கழுத்துக்கு மேலேதான் நான். கீழே இருக்கிறவன் யார்?"

"யாரோ தெரியாது. ஆனால் உங்களைவிட மெலிவு, கெவின். சந்தோஷப்படுங்கள்" என்றார் அங்கிள். கெவினே சிரித்துவிட்டார். ஆட்களைச் சிரிக்கவைத்து அனுப்புவதில் அங்கிளுக்கு நிகர் இல்லை.

அடுத்த பருவத்துக்கான சம்மதம் கேட்டபோது கெவின் தனியாக வரவில்லை. ஐந்தாறு வீரர்களோடு சிற்றுண்டிச்சாலையில் வந்து உட்கார்ந்தார். விற்கும் பொட்டலத்தில் தங்களுக்கும் ஒரு சிறு பங்கு வேண்டும். படத்தில் கைவைப்பதற்கு முன் தங்களைக் கேட்கவேண்டும். இதை மேலிடத்தில் கேட்பதாக அங்கிள் வாக்குத் தந்தால் மட்டுமே கையெழுத்துப் போடுவோம் என்றார்கள். அங்கிள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐ வில் சீ டு இட்", நான் கவனித்து முடிக்கிறேன், என்றார். அங்கிருந்த இன்னொரு தமிழர் நான் மட்டும்தான். கெவின் என் பக்கம் திரும்பினார்.

"இவர் சொன்னால் செய்வாரா?"

"செய்வார்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சில வாரங்களின் பின், டிராமுக்குக் காத்து நின்றபோது கேட்டேன். "அந்த விசயம் கேட்டனீங்களோ அங்கிள்?"

"ஓம் பிள்ளை, கதைச்சனான். மேலை யோசிக்கினம்."

மறுபடி கேட்டபோது, "பெரிய ஆக்கள் ஆறுதலாத்தான் யோசிப்பினம். நாங்கள்தான் பசிக்கு முதலே கோப்பையைத் தூக்குற ஆக்கள்" என்று சிரித்தார். நான் அதைக் கெவினிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அந்தக் குளிர்காலத்தில் அங்கிளைப் பகுதித் தலைவராக்கினார்கள். எங்கள் ஆட்களில் அந்த இடத்துக்கு வந்த முதலாவது ஆள். அவர் வீட்டில் நடந்த விருந்தில் நீங்களும் இருந்தீர்கள். அதே குளிர்காலத்தில் கெவினின் முழங்கால் போனது. ஆட்டம் முடிந்தது, மண்டியிட்டுச் செய்யவேண்டிய குழாய் வேலையும் முடிந்தது.

இறுதிச் சடங்கில் எங்கள் மனேச்சர் பேசினார். உண்மையான துக்கத்தோடுதான் பேசினார். "செல்வாவைப் போல ஒருவர் எனக்கு இனிக் கிடைக்கமாட்டார். இத்தனை வருடங்களில் விளையாட்டுக்காரர்களிடமிருந்து ஒரு கோரிக்கைகூட என் மேசைக்கு வந்ததில்லை. எல்லாவற்றையும் அவரே சமாளித்துவிடுவார்."

எங்கள் ஆட்கள் தலையசைத்தார்கள். கடைசி வரிசையில் ஊன்றுகோலோடு கெவின் இருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அங்கிளுக்காக என்னோடு நானே வாதாடினேன். நம்மவர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. "பார்ப்பம்" என்போம், கேட்பவரும் அதை இல்லை என்றே விளங்கிக்கொள்வார். அங்கிள் அன்று சொன்னது அந்தப் பார்ப்பம்தான், அது ஆங்கிலத்தில் போய் வாக்குறுதியாகிவிட்டது என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் டிராம் தரிப்பிடத்தில் அவர் என்னோடு ஆங்கிலத்தில் பேசவில்லை. "கதைச்சனான்" என்றால் பேசியாயிற்று, அதற்கு இரண்டு அர்த்தம் இல்லை.

இதை எழுதப்போகிறேன் என்று அன்ரியிடம் முதலில் சொன்னேன். "அவருக்கு ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்ல வராது பிள்ளை. எனக்கும் சொன்னதில்லை" என்றார். புகழ்ந்தாரா, குறைப்பட்டாரா, எனக்குத் தெரியவில்லை. எழுதாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அன்று நான் வீட்டுக்குப் போகுமுன், சடங்கு முடிந்து வெளியே வந்தபோதே கெவின் வாசலில் காத்திருந்தார்.

"அப்படியானால் எங்களுடைய கோரிக்கையும் மேலே போகவில்லையா?"

"போகவில்லை."

"உனக்குத் தெரியுமா?"

"இப்போதுதான் தெரியும்."

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "முடியாது என்று சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு என் கையெழுத்துக்கு ஒரு விலை இருந்தது. இனி அதை யார் கேட்கப்போகிறார்கள்?"

புதிய ஆள் வரும்வரை சம்மதம் வாங்கும் வேலையை மனேச்சர் என்னிடம் தந்திருக்கிறார். வீரர்களுக்கு அனுப்பவேண்டிய தாள்களை நான் இன்னும் அனுப்பவில்லை. செல்வரட்ணம் அங்கிளிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்திருப்பது அவர் கேட்காமல் விட்டுப்போன அந்தக் கேள்வியைத்தான். திங்கட்கிழமை மனேச்சரின் அறைக்குப் போய் அதைக் கேட்கப்போகிறேன். கெவினும் வருகிறார். தனக்காக இல்லை, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறவர்களுக்காக என்றார். தான் வருவது மனேச்சர் சொல்லும் பதிலைத் தன் காதாலேயே கேட்பதற்கு என்றும் சொன்னார்.